பட்டாணியின் தண்ணீர்ப்பை

மார்ச் 3, திங்கள்

டீச்சரம்மாவுக்கு,

மொதல்ல வெக்கத்தை விட்டு ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்குக் காலைல ஸ்கேன் ரூம் வாசல்ல, தலையில முக்காடு போட்டுக்கிட்டு கடைசி பெஞ்சுல ஒரு பொம்பள உக்காந்திருந்தாளே, அது நான்தான். உன்னை வேவு பார்க்கத்தான் வந்தேன்.

சும்மா நின்னா வெளிய தள்ளிடுவாங்கன்னு வரிசையோட வரிசையா உக்காந்தேன். ஒரு நர்சுப் பொண்ணு வந்து பாட்டில் தண்ணிய நீட்டி, "வயிறு முட்டக் குடிங்கம்மா, பாத்ரூம் மட்டும் போயிடாதீங்க"ன்னுச்சு. எனக்கு ஸ்கேன் இல்லன்னு வாயைத் திறந்தா நீ திரும்பிப் பார்த்துடுவ. குடிச்சேன். காலியானதைப் பார்த்து இன்னொரு பாட்டில் குடுத்துச்சு. அதையும் குடிச்சேன். நீயும் உன் பொண்ணு பட்டாணியும் உள்ள போயிட்டு வெளிய வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்கும் அந்த பெஞ்சுக்கும்தான் தெரியும். நீ கண்ணைத் தொடைச்சுக்கிட்டே வந்த. ஓடி வந்து கையைப் பிடிக்கணும்னு இருந்துச்சு. எழுந்திருந்தா மானம் போயிருக்கும்.

போன்ல என் நம்பரை அடைச்சு வெச்சிருக்க. சரி. அதான் சாப்பாட்டுக் கேரியர் மேல்தட்டுக்கு அடியில இதை வெச்சு உன் புருஷன்கிட்ட குடுத்து விடறேன். என் தம்பி கல்யாணத்தன்னிக்கே வாயைத் திறக்காதவன், தூது போறதுக்கு அவனை விட்டா ஆளு கிடைக்காது. நான் மூணாங்கிளாசோட நின்னவ. எழுத்துப் பிழை இருந்தா சிவப்பு மையில சுழிச்சு அனுப்பு.

இப்ப சொல்லு. ஒம்பது வயசுப் பிள்ளையை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்க, வாசல்ல என்னைப் பார்த்தா வார்டுக்குள்ள விட வேணாம்னு வாச்மேன்கிட்ட வேற சொல்லி வெச்சிருக்க. தம்பியைக் கேட்டா "வயித்துல ஏதோ"ங்கறான். ஏதோன்னா என்ன? கெட்ட வியாதியா? பெத்த அத்தைகிட்டயே மறைக்கற அளவுக்கு அப்படி என்ன? பெத்த அத்தைன்னு எழுதக் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் அப்படித்தான்.

உன் நாத்தனார்


மார்ச் 4, செவ்வாய்

அண்ணிக்கு,

பதில் எழுதாவிட்டால் நாளைக்கு வேறு வேஷத்தில் வந்து நிற்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றே தெரியும். முகத்தை மூடினீர்கள், செருப்பை மறந்துவிட்டீர்கள். அந்த ஊதாப் பூ வைத்த செருப்பை இந்த ஊரில் வேறு யார் போடுகிறார்கள்?

நான் உங்களோடு ஏன் பேசுவதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பட்டாணியின் பாவாடைகளை எடுத்து மடித்தேன். எல்லாவற்றிலும் இடுப்புத் தையலைப் பிரித்து, உள்மடிப்பை விட்டுத் திரும்பத் தைத்திருக்கிறீர்கள். ஒன்றில் பழைய தையல் தடம் இரண்டு வரியாகத் தெரிகிறது. கையும் காலும் குச்சியாக இருக்கிற பிள்ளைக்கு இடுப்பு மட்டும் பெருக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவாகிய எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பாவாடை எப்போதும் சரியாகவே இருந்தது. ஏன் சொல்லவில்லை?

தெருவில் யாரிடம் சொன்னீர்கள்? இஸ்திரிக்கார அம்மா இவரை வழியில் நிறுத்தி, "உங்க பொண்ணு வயிறு ஏன் அப்படி இருக்கு" என்று கேட்டிருக்கிறார். பெண் பிள்ளையின் வயிறு என்றால் எந்த வாய் எதையெல்லாம் முடிச்சுப் போடும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஒன்பது வயது.

அடிவயிற்றில் ஒரு தண்ணீர்ப்பை. பெரிது. சினைப்பையில் இருக்கிறதா, அதை ஒட்டிய குழாயில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பிடிபடவில்லை. இந்த வயதில் அபூர்வம், ஆனால் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அந்த "ஆகத்தான் இருக்கும்" எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்கள், நான் கிட்டே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. என் வகுப்பில் அப்படி நின்றால் நான் முதலில் மேஜைக்கு அடியில்தான் பார்ப்பேன்.

கேரியரைத் திறக்காமல் அனுப்புகிறேன். பசி இல்லை.


மார்ச் 5, புதன்

டீச்சரம்மா,

கேரியரைத் திறக்கலன்னு எழுதியிருக்க. கடிதாசி மேல்தட்டுக்கு அடியில இருந்துச்சு. திறக்காம எப்படி எடுத்த? மூணாங்கிளாஸ்காரிகிட்டயே இப்படின்னா உன் பிள்ளைங்க பாவம். முட்டை மட்டும் காணோம்னு நான் தம்பிகிட்ட சொல்லல.

பாவாடை விஷயம். பிரிச்சது நான்தான். பட்டாணி வந்து, "அத்தை, அம்மாகிட்ட சொல்லாத, தீனியைக் குறைச்சிடுவாங்க"ன்னுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. பிள்ளைக்குத் தொப்பை போடுது, என்னை மாதிரி வருதுன்னு சந்தோஷப்பட்டேன். ஊருக்கே அளவெடுக்கற நாடா என் கழுத்துல கிடக்கு. அதை அந்தப் பிள்ளை தோளுக்கும் வெச்சிருந்தா, இடுப்பு மட்டும் தனியா ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கும். வைக்கல. நீ திட்டினது சரி. இதுக்கு மேல திட்டினா பதிலுக்குத் திட்டுவேன்.

தெருவுல நான் வாயே திறக்கல. நீ நம்ப மாட்ட. ஆனா வயித்து வலின்னு முக்குல இருக்கற ஸ்கேன் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நீ திரும்பத் திரும்ப நடந்தியே, அதை இஸ்திரி வண்டி பார்க்காதா?

அந்தக் கடையைப் பத்தி ஒண்ணு கேக்கறேன். "மூத்திரப்பை நெறைஞ்சு கிடக்கு, ஒண்ணும் தெரியல, போயிட்டு வா"ன்னு அவன் அனுப்பினான். போயிட்டு வந்தா. மறுபடி பார்த்துட்டு "போகல, பொய் சொல்லுது"ன்னான். நீ அத்தனை பேர் முன்னாடி, "எனக்குத் தெரியாதா, கிளாஸ்ல தினம் எத்தனை பேரைப் பார்க்கறேன், போனதாச் சொல்லிட்டு வராண்டாவுல நிப்பீங்க"ன்னு பிள்ளையைக் கேட்ட. பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னது நான். அவ போனா. காதால கேட்டேன். சொன்னேன். "நீங்க செல்லம் குடுக்கறீங்க அண்ணி"ன்ன. ஞாபகம் இருக்கா?

இப்ப பெரிய விஷயம். ஆபரேஷன் காகிதத்துல "தேவைப்பட்டால் சினைப்பையையும் அகற்ற சம்மதம்"னு ஒரு வரி இருக்காமே. தம்பி ஒரு வாரத்துப் பேச்சைச் சேர்த்து வெச்சு அதை மட்டும் சொன்னான். ரவிக்கை தைக்கக் குடுக்கறப்ப, "தேவைப்பட்டா கையையும் வெட்டிப்பேன்"னு நான் எழுதிக் கேட்டா நீ குடுப்பியா? வெறும் தண்ணின்னா ஊசி போட்டு உறிஞ்சிட்டுப் போக வேண்டியதுதானே, கத்தி எதுக்கு? எனக்கு அந்த டாக்டரம்மா மேல சந்தேகமா இருக்கு. நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு குழந்தை குட்டின்னு நிக்கணும். கையெழுத்து போடாதேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவனும் தலையை ஆட்டிட்டான்.

உன் நாத்தனார்

இன்னிக்கு ரெண்டு முட்டை.


மார்ச் 6, வியாழன்

அண்ணி,

நேற்று இவர் வந்து கட்டில் ஓரமாக நின்றார். பேனாவை நீட்டினேன். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். நான் இத்தனை பேர் நடுவில் அழக் கூடாது என்று குழாயடிக்குப் போய்விட்டேன். உங்கள் தலையாட்டி பொம்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டவற்றை நான் கேட்காமல் இருப்பேனா? எனக்கும் அந்த டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை. சின்ன வயது, பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊசி ஏன் போதாது என்று கேட்டேன். தண்ணீரை உறிஞ்சினாலும் பை அங்கேயே இருக்கும், மறுபடி நிறையும் என்றார். அதைவிட, இவ்வளவு கனமான பை குழாயோடும் சினைப்பையோடும் சேர்ந்து ஒரு நாள் முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாமல் அவை செத்துவிடும். அந்த வரி அதற்காகத்தான் என்றார். பொய்யா மெய்யா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று என் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை இங்கேயும் முதலில் ஸ்கேனில் பார்த்துவிட்டு, "மூத்திரப்பை நிறைந்திருக்கிறது" என்றார்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது போலப் பட்டாணி என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டர் வந்து, மெல்லிய குழாய் போட்டு மூத்திரத்தை முழுக்க வடித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். பை அப்படியே இருந்தது. அதுவரை எல்லோரும் மூத்திரப்பை என்று நினைத்தது மூத்திரப்பையே இல்லை. நிஜமான மூத்திரப்பை அதற்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. இரண்டிலும் தெளிந்த தண்ணீர் என்பதால் திரையில் ஒன்று போலத் தெரியுமாம்.

பட்டாணி படுத்தபடியே கேட்டாள். "இப்பவாவது நம்புறியாம்மா?"

அண்ணி, அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போர்வையை இழுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஒருவர் கையெழுத்து போதும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். நான்தான் இரண்டு பேரும் போடுவோம் என்று காத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் நீங்களே வந்து டாக்டரைக் கேளுங்கள். வாச்மேனிடம் சொல்லிவிட்டேன். முக்காடு வேண்டாம்.


மார்ச் 7, வெள்ளி

டீச்சரம்மா,

வந்தேன். நீ தூங்கிக்கிட்டிருந்த. வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு. பட்டாணி உனக்கு விசிறிக்கிட்டிருந்தா. எழுப்ப வேணாம்னுட்டா.

டாக்டரம்மாவை வராண்டாவுலயே மடக்கிட்டேன். நீ சொன்ன மாதிரி கடிகாரத்தைத்தான் பார்த்துச்சு. "ஓடற வேலை வேணாம், உக்காரு"ன்னேன். உக்காந்துச்சு. "இந்த மாதிரி சின்னப் பிள்ளைக்கு, இந்த இடத்துல இருக்கற பையை எத்தனை தடவை எடுத்திருக்க"ன்னு கேட்டேன். "ரெண்டு"ன்னுச்சு. "கூட நின்னு பார்த்தது இன்னும் கொஞ்சம். பெரிய பொம்பளைங்களுக்கு நிறைய. சின்னப் பிள்ளைங்களுக்கு அதிகம் வர்றதில்லம்மா"ன்னுச்சு. நூறுன்னு சொல்லியிருந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன். ரெண்டுன்னதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. பொய் சொல்றவ அந்தக் கணக்குல ஏன் கஞ்சத்தனம் பண்ணப் போறா?

"சினைப்பையை எடுத்துடுவியா"ன்னேன். "எடுக்காம இருக்கத்தான் பார்ப்பேன். பையை மட்டும் உரிச்சு எடுக்கணும்"ன்னுச்சு. நான் சொன்னேன், "பட்டுத் துணியில தப்பாத் தைச்ச தையலைப் பிரிக்கற மாதிரி. அவசரப்பட்டா துணி கிழியும்." "அவசரப்பட மாட்டேன்"ன்னுச்சு. கடிகாரத்தை ஏன் பார்க்கறன்னு கேட்டேன். அது வீட்டுல கைக்குழந்தை இருக்காம், பால் குடுக்கப் போகணுமாம். நான் விட்டுட்டேன்.

முழுசா நம்பிட்டேன்னு நெனைக்காத. பாதி. மீதி பாதியைப் பிள்ளை எழுந்து நடந்ததும் குடுத்துடறேன். தம்பிகிட்ட, நாளைக்கு மொத வேலையா போயி கையெழுத்துப் போடுடான்னு சொல்லிட்டேன். அதுக்கும் தலையை ஆட்டினான். இவன் எதுக்குத்தான் ஆட்ட மாட்டான்?

வேணாம்னு சொன்னது நான். அது தப்பு. இதை சிவப்பு மையில சுழிக்காத.

உன் நாத்தனார்


மார்ச் 8, சனி, விடிந்ததும்

அண்ணி,

எழுந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். வாந்தி. முறுக்கிக்கொண்டது என்கிறார் டாக்டர். இவர் இன்னும் வரவில்லை. கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும். உங்களைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன். போனில் சார்ஜ் இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பா உங்கள் தெரு வழியாகத்தான் போகிறாராம், அவரிடம் கொடுக்கிறேன். உள்ளே கொண்டுபோகிறார்கள்


மார்ச் 8, சனி

வாசல்ல உக்காந்திருக்கேன். வாச்மேன் எங்க வேணா போங்கன்னுட்டான், நான்தான் மேல வரல. தம்பி மேல வர்றான், அவன் கையில இதைக் குடுக்கறேன். வேடிக்கையா எழுத ஒண்ணும் வரல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா புதன்கிழமையே முடிஞ்சிருக்கும். நீ என்னை என்ன வேணா சொல்லு. பிள்ளைக்கு என்னாச்சுன்னு ஒரு வரி மட்டும் அனுப்பு.


மார்ச் 9, ஞாயிறு

அண்ணி,

ஒரு வரி கேட்டீர்கள். எல்லாம் இருக்கிறது. அதுதான் அந்த வரி.

இப்போது விவரம். பை சினைப்பையில் இல்லை. பக்கத்தில் ஓடுகிற குழாயை ஒட்டி இருந்திருக்கிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்கவில்லை, சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்துப் பார்த்துச் செய்தார்கள். குழாயும் சினைப்பையும் சேர்ந்து முறுக்கிக் கறுத்துப் போயிருந்தன. முறுக்கைப் பிரித்துவிட்டு டாக்டர் எதையும் தொடாமல் காத்திருந்தாராம். மெதுவாக நிறம் திரும்பியது. பிறகு தண்ணீரை வடித்து, பையை மட்டும் உரித்து எடுத்தார். "உங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க, துணி கிழியல" என்றார். நீங்கள் அவரிடம் என்ன பேசினீர்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன்.

எடுத்த பையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும் வரை நான் யாரையும் நம்புவதாக இல்லை. டாக்டர் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

பட்டாணி மயக்கம் தெளிந்ததும் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். போய்விட்டு வந்து, "போனேன்" என்றாள். "தெரியும்" என்றேன். "எப்படித் தெரியும், நீ உள்ள வரலையே" என்றாள். "நீ சொன்னாய் இல்லையா" என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை என்று நினைக்கிறேன். அவள் என் பெண்தான்.

புதன்கிழமையைப் பற்றி இனி எழுதாதீர்கள். அது நம் இரண்டு பேருடையதும்.

போனில் உங்கள் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் கேரியரில் கடிதம் இல்லாமல் வந்தால் பட்டாணியின் முகம் தொங்கிப்போகிறது. எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள்.


மார்ச் 10, திங்கள்

பட்டாணிக்கும், அவளுக்கு வாசிச்சுக் காட்டற அம்மாவுக்கும்,

இனிமே அம்மாவைப் பத்தி எழுத முடியாதபடி பண்ணிட்டீங்க. இருக்கட்டும், வாய் திறந்து தூங்கினதை ஏற்கனவே எழுதிட்டேன்.

இஸ்திரிக்காரம்மாகிட்ட நானே போயி நின்னேன். "பிள்ளை வயித்துல தண்ணிப்பை, எடுத்தாச்சு, இப்ப நல்லாருக்கா, வேற ஏதாவது கேக்கணுமா"ன்னேன். ரெண்டு நாள் துணியை இலவசமா தேய்ச்சுக் குடுத்துச்சு. அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.

பட்டாணி, உன் பாவாடை எல்லாத்தையும் எடுத்து இடுப்பைப் பழையபடி பிடிச்சுக்கிட்டிருக்கேன். இந்தத் தடவை பிடிச்சதை உங்கம்மாகிட்ட காட்டிட்டுத்தான் குடுப்பேன். இனி உன் ரகசியம் எதுவும் என்கிட்ட தங்காது, சொல்லிட்டேன். தங்கத்தான் செய்யும், ஆனா வயிறு சம்பந்தப்பட்டது தங்காது.

அத்தை


மார்ச் 14, வெள்ளி

அண்ணி,

ரிப்போர்ட் வந்தது. சாதாரணப் பை. கெட்டது எதுவும் இல்லை. நான் அதை வாங்கி மூன்று தடவை படித்தேன், பிறகு வார்டு டாக்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கொடுத்து, மூன்று பேரும் ஒரே மாதிரிப் படிக்கிறோமா என்று பார்த்தேன். ஒரே மாதிரிதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஸ்கேன் மட்டும் பார்த்தால் போதுமாம். அதற்கு நீங்களும் வாருங்கள். தண்ணீர் குடிக்கத் தெரிந்த ஆள் கூட இருப்பது நல்லது.

அப்புறம் நான் தனியாகப் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். இந்தத் தடவை பட்டாணி பின்னாலேயே வந்துவிட்டாள். "அழறியா" என்றாள். "இல்லை" என்றேன். "பொய் சொல்லாதே, எனக்குத் தெரியாதா" என்றாள். என் குரலில், என்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு. வாங்கிக்கொண்டேன்.

நாளைக் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் வந்துதான் அழைத்துப் போக வேண்டும் என்கிறாள். பாவாடையைக் கொண்டுவாருங்கள்.


மார்ச் 15, சனி

டீச்சரம்மா,

நான் காலைலயே வந்துட்டேன். கீழ வாசல்கிட்டதான் இருந்தேன். நீங்க இறங்கி வர்ற வரைக்கும் நிக்க வேணாமேன்னு, சும்மா கிடந்த ஒரு தள்ளுவண்டி நாற்காலியில உக்காந்தேன், மடியில பாவாடைப் பையோட. யாரோ ஒரு அம்மா கால் பிசகி அதுல வந்திருக்காங்க, பாத்ரூம் போக எழுந்திருக்காங்க. எனக்குத் தெரியாது. தள்ளற ஆள் வந்தான், தள்ளினான். "என் காலுக்கு ஒண்ணுமில்லப்பா"ன்னேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க"ன்னான். மேல எலும்பு வார்டுல ஒரு தாட்டியான நர்சம்மா காலைப் பிடிச்சு, "வலிக்குதா"ன்னு கேட்டுச்சு. "வலிக்கல"ன்னேன். "பயத்துல பொய் சொல்றாங்க, அழுத்திப் பிடிங்க"ன்னுச்சு. அழுத்திப் பிடிச்சாங்க. அதுல நெஜமாவே வலிச்சிடுச்சு, கத்திட்டேன். அதோட பேச்சு முடிஞ்சுது.

முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருக்காங்க. இப்பதான் தப்பு தெரிஞ்சு, பிரிக்கற ஆளைக் கூப்பிடப் போயிருக்காங்க. அவன் சாப்பிடப் போயிருக்கானாம். அதுவரைக்கும் ஆட்டக் கூடாதாம், காயணுமாம்.

இதைக் கொண்டுவர்ற ஆயாம்மாகிட்ட பாவாடையைக் குடுத்து விட்டிருக்கேன். இடுப்பு சரியா இருக்கான்னு பார். நீங்க அவசரமில்லாம மேல வாங்க. பட்டாணிகிட்ட மட்டும் சொல்லு, நான் உண்மையைத்தான் சொன்னேன்னு, அவ புரிஞ்சுக்குவா.

வர்றப்ப கீழ நாற்காலி நின்ன இடத்துல ஊதாப் பூ வெச்ச செருப்பு ஒத்தையாக் கிடக்கும். எடுத்துக்கிட்டு வா.

உன் நாத்தனார்